தொட்டிக்குள்ள எறங்கின நாளு

தீண்டாமை தன்னை உலுக்கிப் போட்டதாக அம்பேத்கர் முதலில் எழுதிவைத்திருப்பது ஒரு விடுமுறைப் பயணத்தைத்தான். அது 1901. சத்தாராவில் இருந்த பிள்ளைகளை, கோரேகாவில் கேஷியர் வேலை பார்த்த அப்பா கோடை விடுமுறைக்கு வரச்சொல்லிக் கடுதாசி போடுகிறார். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச்சட்டை, ஜிகினாத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி எல்லாம் வாங்கி உடுத்திக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் இல்லை. நல்லா உடுத்தியிருக்கிற பிள்ளைகள் என்று பிரியமாக வந்து விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகார் என்று சொன்னதும் முகம் மாறிப்போகிறார். வண்டிக்காரர்கள் வரமாட்டேன் என்கிறார்கள். கடைசியில் இரட்டை வாடகை பேசி, பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும் என்று ஏற்பாடாகிறது. கையில் சோறு இருந்தும் குடிக்கத் தண்ணி கிடைக்காமல் ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்திருக்கிறார்கள்.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அந்தக் குறிப்புகளில் இன்னொரு சுற்றுலாவும் வருகிறது. 1934. அம்பேத்கரும் கூட வேலை செய்தவர்களும் முப்பது பேர் போல பஸ் பிடித்து எல்லோரா குகைகளைப் பார்க்கப் போகிறார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. வாசலில் ஒரு தண்ணித் தொட்டி. புழுதி அப்பின கைகாலைக் கழுவுகிறார்கள். தொட்டி தீட்டாகிப்போச்சு என்று ஒரு பெரியவர் கத்திக்கொண்டு ஓடி வருகிறார். கூட்டம் கூடி விடுகிறது. கடைசியில், தண்ணியைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, துப்பாக்கி வைத்திருந்த சிப்பாய் ஒருத்தர் கூடவே வர, கோட்டையைச் சுத்திப் பார்க்கிறார்கள்.

ரெண்டு தடவையும் சந்தோஷமாகக் கிளம்பியிருக்கிறார்கள். ரெண்டு தடவையும் தண்ணியில் வந்து மாட்டிக்கொண்டது. ஜிகினாத் தொப்பி போட்டுக்கொண்டு ரயில் ஏறின பிள்ளைகளின் சந்தோஷத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். தாகத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். அவர் அந்தத் தொப்பியை மறக்காமல் எழுதியிருக்கிறார். சந்தோஷப்படவும் உரிமை உண்டு, அதுவும் பறிபோச்சு என்பதற்கு அது சாட்சி.

இப்போது எதற்கு இந்தக் கதை என்றால், எங்கள் குடும்பம் ஒரு தீம் பார்க்குக்குப் போய் வந்ததைப் பற்றி எழுதப் போகிறேன். பேச்சோட பேச்சாக இதை ஒரு தோழரிடம் சொன்னபோது சிரித்தார். "முதலாளி காசு புடுங்க வச்ச எடம் தோழர் அது. எழுத வேற விஷயமா இல்ல?" என்றார். காசு பிடுங்குகிற இடம்தான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே எங்கம்மாவுக்கு நடந்ததை எழுத எனக்கு இதைவிட நல்ல பத்திரிகை தெரியவில்லை. நம்ம பக்கங்களில் செத்துப்போனவங்க, எரிஞ்ச வீடு, மறிச்ச பொணம் எல்லாம் பதிவாகியிருக்கு. பதிவாகத்தான் வேணும். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதில் பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டும் சேர்ந்துதான் வந்தது. அந்த விளையாட்டிலும் ஒருத்தர் முதலாளி, ஒருத்தர் வேலைக்காரர் என்று சாதி உள்ளே வந்து உட்கார்ந்திருந்ததையும் பார்த்தோம். சேரி சனம் எப்படி விளையாடும், எப்படிச் சும்மா இருக்கும், எதில் சந்தோஷப்படும் என்பதும் சாட்சியம்தான்.

பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி எங்களுடையது. வெள்ளாத்துக் கரை மண். அம்மா கரும்பு வெட்டப் போகும், நடவுக்குப் போகும், முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கும், நூறு நாள் வேலைக்குப் போகும். கரும்புச் சோகை அறுத்த கோடு கையெல்லாம் இருக்கும். வெயில் காலத்தில் வேலை முடிந்ததும் காட்டுக்காரர் மோட்டார் கொட்டாயில்தான் உடம்பைக் கழுவ வேண்டும். மோட்டார் கொட்டாய் என்றால் ஒரு குழாய், அதில் கொட்டுகிற தண்ணி விழ ஒரு சிமெண்டுத் தொட்டி, தொட்டியிலிருந்து வழிந்து ஓடுகிற வாய்க்கால். தொட்டி ஆளுயரம் இருக்கும். காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அதற்குள் குதித்து நீந்துவார்கள். எங்க சனம் வாய்க்காலில்தான் குளிக்கணும். போர்டு எழுதி மாட்டி வைக்கவில்லை. யாரும் சொல்லித்தரவும் இல்லை. ஆனால் மூணு வயசுப் பிள்ளைக்கும் தெரியும், தொட்டிக்குள்ள நாம எறங்கக் கூடாது. அம்மா சொல்லும்: "அவங்க குளிச்ச தண்ணி நம்மகிட்ட வரலாம். நாம குளிச்ச தண்ணி அவங்ககிட்ட போவக் கூடாது. தண்ணிக்கே அவ்வளவு தெரிஞ்சிருக்கு பாரு."

பெண்ணாடத்துக்குப் பெரிய பேரு உண்டு. தேவாரத்தில் பாடப்பட்ட தூங்கானைமாடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. சூலக்குறியும் இடபக்குறியும் தோளில் பொறிக்கும்படி அப்பர் கேட்டு வாங்கிக்கொண்டதும் இங்கேதான் என்பார்கள். மெய்கண்டாரும் இந்த ஊரே. பெரிய புராணத்தில் வருகிற கலிக்கம்ப நாயனாரும் இந்த ஊர்தான். அவர் கதையை எங்க பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்வார்கள். வீட்டுக்கு வருகிற அடியார்களின் காலைக் கழுவி அமுது படைப்பது அவர் வழக்கம். அவர் சம்சாரம் தண்ணி ஊத்துவார். ஒருநாள் வந்த அடியார் கூட்டத்தில், முன்பு அவர் வீட்டில் ஏவல் செய்து, வேலை பிடிக்காமல் ஓடிப்போன ஆள் ஒருவர் சிவவேடம் போட்டு வருகிறார். நம்ம வீட்டு வேலையாள் ஆச்சே என்று சம்சாரம் தண்ணி ஊத்தத் தயங்குகிறார். நாயனார் அந்தக் கையை வெட்டிவிட்டு, செம்பைத் தானே எடுத்து ஊத்திக் கழுவுகிறார்.

வேலையாள் என்ன சாதி என்று சேக்கிழார் சொல்லவில்லை. அந்த ஆள் ஒரு வார்த்தை பேசினதாகவும் இல்லை. வேலையாளாகவே இருந்திருந்தால் அவர் காலில் தண்ணி விழுந்திருக்காது, வேடம் போட்டதால் விழுந்தது என்பதுதான் எனக்குப் படுகிறது. அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அது வேறு மாதிரி கேட்டது: "தண்ணி ஊத்த யோசிச்சவ கையி, அவளும் பொம்பள. அத வெட்டிப்புட்டா சரியாப் போச்சா? அப்படிப் பாத்தா இந்த ஊருல எத்தன கைய வெட்டறது? நமக்கு யாரும் ஊத்த வாணாம்டி. நாமளா மோந்துக்கற மாதிரி இருந்தாப் போதும்."

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் அண்ணன் வேலை செய்கிறது. அகல் விளக்கும் பொம்மையும் சுடுகிற கம்பெனி. களிமண் தூசியிலும் சூளைச் சூட்டிலும் நிற்கிற வேலை. 2024 மே கடைசியில் நாலு நாள் லீவு கிடைத்தது. அண்ணன் மகன் காலேஜ் முதல் வருசம் முடித்திருந்தான். அண்ணன் மகளுக்கு ஏழு வயசு. பையன்தான் ஆரம்பித்தான், மெட்ராசுல பார்க்குக்குப் போவலாம், எல்லா ராட்டினமும் ஏறலாம் என்று. அவன் போனில் படம் காட்டினான். தலைகீழாகச் சுத்துகிற வண்டி, செங்குத்தாக மேலே போய் தொப்பென்று விழுகிற நாற்காலி. அம்மா பார்த்துவிட்டுக் கேட்டது: "இதுல ஏற நாம காசு குடுக்கணுமா? அவங்க நமக்குக் குடுப்பாங்களா?"

அம்மாவுக்குப் பார்க் என்றால் தெரிந்தது ஒன்றுதான். பக்கத்து வீட்டு அத்தை ஒருதரம் வி.ஜி.பி.க்குப் போய் வந்து, அங்கே வாசலில் அசையாமல் நிற்கிற சிலை மனிதனைப் பற்றிச் சொல்லியிருந்தது. என்ன கோணங்கி பண்ணினாலும் அவர் சிரிக்க மாட்டார், கண்ணைக்கூட அசைக்க மாட்டார் என்று. "நாள் முச்சூடும் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதுக்குச் சம்பளமா? நம்ம தாத்தன் பூட்டன்லாம் ஆண்ட வூட்டு வாசல்ல சும்மாவே நின்னாங்களே" என்று அம்மா சொன்னது எங்க தெருவில் ரொம்ப நாள் ஓடின சிரிப்பு.

விருத்தாசலத்தில் ரயில் ஏறி, விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கி, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாகப் போய்ச் சேர்ந்தோம். எந்த பார்க் என்று பெயர் சொல்லவில்லை. நல்லதும் கெட்டதும் கலந்து எழுதப்போகிறேன், எல்லா இடமும் ஏறக்குறைய அப்படித்தான். டிக்கெட் விலையைக் கேட்டதும் அம்மா திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டது. 2024-25க்கு நூறு நாள் வேலைக் கூலி என்று தமிழ்நாட்டுக்கு அறிவித்தது 319 ரூபாய். அம்மாவுடைய ஒரு டிக்கெட் மூணு நாள் கூலிக்கு மேலே. "நான் இப்படியே மரத்தடியில குந்தியிருக்கன், நீங்க போயிட்டு வாங்க" என்றது. அண்ணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். வெளிச்சோறு உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். அம்மா ராத்திரியே கிண்டி எடுத்து வந்த புளிச்சோறும் அவிச்ச முட்டையும் தூக்கில் இருந்தது. எல்லாரிடமும் அப்படித்தான் பார்க்கிறார்கள், காரில் வந்தவர்கள் பையையும் பார்க்கிறார்கள். ஆனால் சோத்துத் தூக்கைத் திறந்து காட்டச் சொல்லும்போது நம்ம உடம்பில் ஓடுவது வேறு. அம்மா தூக்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வேலியோரம் எல்லாரையும் உட்கார வைத்து, காலை எட்டரை மணிக்கே ஆளுக்கு ஒரு கை போட்டு முழுசையும் காலி பண்ண வைத்தது. வெளியே நின்ற செக்யூரிட்டிப் பையனுக்கும் ஒரு முட்டை. அவன் வாங்கித் தின்றான். வடநாட்டுப் பையன், சாதி கேட்கவில்லை.

உள்ளே போனதும் பையனும் அண்ணனும் பெரிய ராட்டினத்துக்கு ஓடினார்கள். நாங்கள் நாலு பொம்பளைகள், சின்னது உட்பட, கீழே நின்றோம். மேலே போனவர்கள் அலறுகிற சத்தம் கேட்டது. இறங்கி வருகிறவர்கள் முகம் வெளுத்து, கால் நடுங்கி, சிரித்துக்கொண்டு வந்தார்கள். அம்மா ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றது.

"பயமா இருக்காம்மா?" என்றேன்.

"பயம் என்னாத்துக்கு. பெல்ட்டு போட்டு பூட்டு போட்டுத்தான ஏத்தறான். விழ மாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியுது, கத்தறாங்க. எனக்கு இது வாணாம். நாங்க ராத்திரியில ஊருத்தெரு வழியா வந்திருக்கம், பெல்ட்டு இல்லாம."

நான் அதை ரொம்ப யோசித்தேன். பெல்ட்டை நம்பினால்தான் அந்தப் பயத்தில் சந்தோஷம் வரும். பத்திரமான வாழ்க்கை உள்ளவர்களுக்கு மூணு நிமிசப் பயம் ஒரு ருசி. எங்க அண்ணன் மகனுக்கு அந்த ருசி பிடித்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். அவன் தலைமுறைக்குக் கொஞ்சமாவது பத்திரம் வந்திருக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்கு விடுமுறை என்றால் பயம் இல்லாமல் இருப்பது. அதைக் கோழைத்தனம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

பெரிய ராட்டினம் ஏறாதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், நிறைய இருக்கிறது. குட்டி ரயில் இருக்கிறது. பார்க்கை ஒரு சுத்து சுத்திக் காட்டும். அம்மா அதில் மூணு தடவை ஏறியது. ஜன்னல் இல்லாத பெட்டி, காத்து முகத்தில் அடிக்கும். யாரும் இடம் பார்த்து உட்காரச் சொல்லவில்லை. குதிரை ராட்டினம் இருக்கிறது. சின்னது வெள்ளைக் குதிரையில், பக்கத்தில் அண்ணி ஒரு குதிரையில். எங்க பக்கத்து மாசிமகத்துக்கு விருத்தாசலத்தில் குடை ராட்டினம் வரும். அதில் சுத்தினதுதான் நாங்கள். புல்தரையும் மரநிழலும் இருக்கிறது. அம்மா அங்கே காலை நீட்டிப் படுத்து அரைமணி தூங்கியது. பகலில் அம்மா படுத்து நான் பார்த்தது காய்ச்சல் வந்தபோதுதான்.

அப்புறம் இடிக்கிற கார். சுத்திலும் ரப்பர் கட்டின சின்னக் கார்கள், வழுவழுப்பான தளம், ஒருத்தரை ஒருத்தர் மோதிக்கொள்ள வேண்டியதுதான் விளையாட்டு. அம்மாவையும் சின்னதையும் ஒரு காரில் உட்கார வைத்தோம். ஸ்டியரிங் அம்மா கையில். முதல் ரெண்டு நிமிசம் யார் மேலும் படாமல் ஓரமாகவே ஒதுங்கி ஒதுங்கி ஓட்டியது. பழக்கம் அப்படி. அதற்குள் கண்ணாடி போட்ட, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் பின்னால் வந்து ஒரு இடி இடித்தார். அம்மா பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்தார். "நீங்களும் இடிங்கம்மா!" என்றார். அம்மா ஒரு வட்டம் போட்டு வந்து நேராக அவர் காரில் விட்டது ஒரு மோது. அவர் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் அம்மா யாரையும் விடவில்லை. மணி அடித்து இறங்கின பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னது: "இடிச்சா திட்டாத ஆளுங்கள இன்னிக்குத்தான் பாத்தன்."

மத்தியானம் அலைக்குளத்துக்குப் போனோம். அங்கே ஒரு சிக்கல். புடவையோடு தண்ணியில் இறங்க விடமாட்டார்கள். பருத்தித் துணியின் நூலும் சாயமும் தண்ணியைச் சுத்தம் செய்கிற மிஷினில் போய் அடைக்கும், அதனால் நைலான் உடுப்புதான் போட வேண்டும் என்கிறார்கள். காரணம் சரிதான். ஆனால் அந்த விதியால் வயசான பொம்பளைகள் அத்தனை பேரும் கரையில் புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்புக்கும் போனுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தார்கள். எந்தச் சாதி, எந்தக் காசுக்காரர் வீட்டுக் கிழவியாக இருந்தாலும் அதே கதை. அம்மாவும் போய் அந்த வரிசையில் உட்கார்ந்தது.

தண்ணியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. ஊதல் ஊதினதும் பின்சுவருக்குள் காத்தை அடைத்து விட, அலை எழும்பி வந்தது. நானூறு ஐநூறு பேர் ஒரே நேரம் கத்திக்கொண்டு குதித்தார்கள். ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள். யார் எந்த ஊரோ. ஒரே தண்ணி.

அம்மா என்னைக் கூப்பிட்டது. மெதுவாகக் கேட்டது.

"இது தொட்டிதான?"

"ஆமாம்மா. பெரிய தொட்டி."

"உடுப்பு வாடவைக்குக் குடுக்கறாங்கன்னியே. எவ்வளவுன்னு கேளு."

அறுபத்திரண்டு வயசில் எங்கம்மா கருநீல நைலான் கால்சட்டையும் கைவைத்த பனியனும் போட்டுக்கொண்டு உடுப்பு மாத்துகிற அறையிலிருந்து வந்தது. கண்ணாடியைப் பார்க்கவில்லை. மேலே ஒரு துண்டைப் போத்திக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. துண்டைக் கரையில் வைக்கச் சொன்னார்கள். ஒரு நிமிசம் நின்றது. சேரிப் பொம்பளைகள் மேலே என்ன உடுத்தலாம், எதுவரைக்கும் உடுத்தலாம் என்று அடுத்தவன் முடிவு பண்ணின காலம் ஒன்று இருந்தது. அதை எல்லாம் அம்மா படித்ததில்லை. துண்டைச் சுருட்டி அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கிவிட்டது.

இடுப்பளவுத் தண்ணி வரைக்கும் போனது. ஊதல் ஊதினது. அலை வந்து மார்பில் அடித்தது. பக்கத்தில் நின்ற ஒரு பொம்பளை தடுமாறி அம்மா மேலே விழுந்து, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்தில் கனமான சங்கிலி. "சாரிம்மா, மேல பட்டுட்டுதா" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த அலைக்கு அந்தப் பொம்பளையின் கையை அம்மாவே பிடித்துக்கொண்டது. ரெண்டு பேரும் சேர்ந்து குதித்தார்கள். அப்புறம் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு முழுசாக முங்கியது. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். எந்திரிச்சு, வாயில் போன தண்ணியைத் துப்பிவிட்டு, "உப்பு இல்ல, நல்ல தண்ணிதான்" என்றது. மூணு மணிக்கு இறங்கின அம்மாவை அஞ்சு மணிக்கு விசில் அடித்துத்தான் மேலே ஏத்தினார்கள்.

இங்கே நம்ம தோழரின் கேள்விக்கு வர வேண்டும். காசு கொடுத்தவருக்கெல்லாம் ஒரே தண்ணி என்பதால் சாதி போய்விட்டதா? போகவில்லை. டிக்கெட் எடுக்கிற இடத்தில் சாதி கேட்கவில்லை, காசு கேட்டார்கள். காசு யாரிடம் இருக்கிறது, நிலம் யாரிடம் இருக்கிறது என்பதில் சாதி ஏற்கெனவே கேட்டு முடிச்சாச்சு. உடுப்பு மாத்துகிற அறையில் கக்கூசு கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் அம்மா பேச்சுக் கொடுத்தது. திண்டிவனம் பக்கமாம். ரெண்டு வார்த்தையில் ரெண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. "நீ இந்தத் தண்ணியில எறங்கியிருக்கியாம்மா?" என்று அம்மா கேட்டது. "எங்கள உட மாட்டாங்கக்கா. சாய்ந்தரம் எல்லாரும் போன பொறவு ஓரத்தக் கழுவத்தான் எறங்குவம்" என்றார் அவர். அம்மா முகம் கொஞ்ச நேரம் சுண்டிப்போச்சு. அங்கேயும் ஒரு வாய்க்கால் இருந்தது.

ஆனாலும் நான் பார்க்கை விட்டுக்கொடுக்க மாட்டேன். அமெரிக்கக் கறுப்பு மக்களும் விட்டுக்கொடுக்கவில்லை. 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதின புகழ்பெற்ற கடிதத்தில், ஏன் காத்திருக்க முடியாது என்று அவர் அடுக்குகிற காரணங்களில் ஒன்று பார்க். டி.வி.யில் விளம்பரம் பார்த்த ஆறு வயசு மகள் ஃபன்டவுனுக்குப் போகணும் என்கிறாள். கறுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை என்று அப்பா எப்படிச் சொல்வது? கும்பல் கொலையையும் போலீஸ் அடியையும் பற்றி எழுதின அதே இடத்தில் இதையும் எழுதினார், சின்ன விஷயம் என்று தள்ளவில்லை. பால்டிமோர் பக்கத்து குவின் ஓக் பார்க்கில் கறுப்பர்களை விடச்சொல்லி வருசக்கணக்காகப் போராட்டம் நடந்தது. 1963 ஜூலையில் மட்டும் நூத்துக்கணக்கானவர்கள் கைதானார்கள். கடைசியில் அந்த பார்க் திறந்துவிடப்பட்ட நாள் 1963 ஆகஸ்டு 28. வாஷிங்டனில் கிங் தன் கனவைப் பேசின அதே நாள். அன்றைக்கு ஷாரன் லாங்லி என்ற பதினோரு மாசக் குழந்தையை அப்பா தூக்கி உட்கார வைத்தது பெரிய ராட்டினத்தில் அல்ல, சாதாரணக் குதிரை ராட்டினத்தில். அந்த ராட்டினத்தை 1981இல் வாஷிங்டனின் நடுத்திடலுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே சண்டைதான். 1953இல் தனித்தனி வசதிச் சட்டம் போட்டுக் கடற்கரையையே நிறம் பார்த்துப் பிரித்தார்கள். டர்பனில் இருந்த நம்ம தமிழ்ச்சனமும் தங்களுக்கு ஒதுக்கின மணலில்தான் நிற்க முடிந்தது. அந்தச் சட்டம் ஒழிந்தது 1990இல்.

நம்ம நாட்டில் 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகாடு சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணி அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் பொதுக்குளம்தானா என்ற வழக்கு 1937 வரைக்கும் நடந்தது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் கிஷ்கிந்தா பார்க் திறந்து, தண்ணி விளையாட்டு என்று தமிழ்நாடே பேசினது 1995இல். அதே 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் போலீசு புகுந்து வீடுகளை நொறுக்கியது. குடிக்கிற கிணத்தையும் பாழாக்கினார்கள் என்று அந்த ஊர்ச் சனம் சாட்சி சொன்னது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம்ம சனம் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. இந்தத் தொட்டிகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் அம்மா முங்கி எழுந்த தொட்டிக்கு என்ன அர்த்தம் என்று தோழருக்கும் புரியும். தண்ணியில் ஆடுவது, தாகத்துக்குக் குடிப்பதைப் போல அவசரம் இல்லைதான். ஆனால் குடிக்க மட்டும் உரிமை, ஆட உரிமை இல்லை என்று நாமே கோடு போட்டுக்கொள்ளக் கூடாது.

ஊருக்கு வந்த மறுநாள் அண்ணன் மகன் போனில் படம் வைத்துவிட்டான். நைலான் உடுப்பில் அம்மா, தலையெல்லாம் நனைந்து, வாய்கொள்ளாத சிரிப்பு. காலனியில் எல்லாரும் பார்த்தார்கள். ஊர்த்தெருவுக்கும் போச்சு. நாலாம் நாள் களையெடுக்கப் போன இடத்தில் காட்டுக்காரர் வரப்பில் நின்று கேட்டார்: "என்னா, காலனிக்காரங்களுக்கு மெட்ராசு போயி தண்ணியில ஆடுற அளவுக்குக் காசு வந்துட்டுதா? அப்பறம் கூலி பத்தலன்னு எதுக்குக் கேக்கறீங்க?"

கூட இருந்த பொம்பளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா நிமிர்ந்து, களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னதாம்: "ஒங்க தொட்டியில எறங்க உட்டிருந்தா நான் ஏன் ஆண்ட அவ்வளவு தூரம் செலவு பண்ணிக்கிட்டு போறன்? கூலிய ஒசத்துங்க. அடுத்த வருசமும் போவணும்."

ரெண்டு வாரம் அந்தக் காட்டில் அம்மாவுக்கு வேலை கொடுக்கவில்லை. கூட நின்ற பொம்பளைகளில் நாலு பேர் அவர்களாகவே அந்தக் காட்டுக்குப் போகாமல் நின்றார்கள். மூணாவது வாரம் ஆள் கிடைக்காமல் அவரே சொல்லியனுப்பினார். கூலி ஏறவில்லை. தொட்டியும் திறக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வீட்டுத் திண்ணையில் ஒரு சீட்டு ஆரம்பமானது. பதினாலு பொம்பளைகள், வாரம் அம்பது ரூபாய். அம்மா அவர்களுக்கு எல்லாம் விளக்கிச் சொன்னது: சோத்தை வாசலுக்கு வெளியவே தின்னுடணும், பெரிய ராட்டினத்துக்கு யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க, குட்டி ரயிலு இருக்கு, இடிக்கிற காருல ஒதுங்கக் கூடாது, படுத்துத் தூங்கலாம், ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. வாடகை உடுப்புக்குக் காசு தண்டம் என்று, விருத்தாசலம் கடைத்தெருவில் நைலான் துணி மொத்தமாக எடுத்து வந்தார்கள். காலனியில் தையல் மிஷின் வைத்திருக்கிற பொண்ணு பதினாலு பேருக்கும் அளவெடுத்துத் தைத்தது. கை முழங்கை வரைக்கும், கால் கணுக்கால் வரைக்கும், அவங்கவங்க கேட்ட மாதிரி. கலரும் அவங்கவங்க கேட்ட கலர். 2025 மே மாசம் ஒரு வேன் பேசிப் போய் வந்தார்கள். ஆம்பளைகள் யாரும் போகவில்லை.

பதினாலு பேரில் ஒருத்தர்கூட உயர ராட்டினம் ஏறவில்லை. பதினாலு பேரும் தொட்டியில் இறங்கினார்கள். வந்து இறங்கின அன்றைக்கே அடுத்த சீட்டுக்கு ஆள் சேர ஆரம்பித்துவிட்டது. இப்போது இருபத்திரண்டு பேர். பக்கத்து ஊர்க் காலனியிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு கவலைதான்: போன வருசம் போனபோது திண்டிவனத்து அக்காவைக் காணவில்லையாம், வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். கிடைத்தால் அந்தப் பிள்ளைக்கும் ஒரு உடுப்பு தைத்து, டிக்கெட் எடுத்து, நட்ட நடுப்பகலில் எல்லாரோடும் சேர்த்து இறக்கணும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அளவு தெரியாமல் எப்படித் தைப்பது என்று தையல்காரப் பொண்ணு கேட்டதற்கு, "என்ன மாதிரிதான் இருக்கும், தையி" என்றது அம்மா.